சோக்குக்கு வந்தது எட்டு வோல்ற்

பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரிக் சோக் என்ற சின்ன வட்ட மூடியால் எனக்குப் போன காசு 85,000 ரூபாவுக்குக் கிட்ட. வீணாக எரிந்த பெற்றோல் அந்தக் கணக்கில் இல்லை. கடைசியில் பிழையைத் திருத்த உண்மையாகத் தேவைப்பட்டது வோல்ற் பார்க்கிற ஒரு மீற்றர், கொஞ்ச வயர், ஒரு பியூஸ் கூடு, சில கிளிப்புகள். எல்லாம் சேர்த்தாலும் 4,000 ரூபா வராது. இடையில் நான் பார்த்த பாஸ்மார், அதாவது கராஜ் மெக்கானிக்மார், யாரையும் கள்ளர் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் காபரேற்றர் நன்றாகத் தெரியும், வயரிங் என்றால் "அது இலெக்ட்ரிசியன் வேலை". இலெக்ட்ரிசியனுக்கு வயர் தெரியும், காபரேற்றர் என்றால் "அது மெக்கானிக் வேலை". எலெக்ட்ரிக் சோக் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் விழுகிற சாமான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கார் 1969ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டில், 1300 இஞ்சின், 12 வோல்ற். மாமா கனடாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனது. காபரேற்றர் ஜெர்மன் சோலெக்ஸ் இல்லை, அதே அமைப்பில் பிரேசிலில் செய்த ஒன்றை மாமா எப்போதோ போட்டிருந்தார். வெள்ளவத்தையிலிருந்து ராஜகிரியவுக்கு வேலைக்குப் போய்வர எனக்கு அது தாராளம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கொழும்பில் ஓடுகிற எந்தக் காருக்கும் யானை விலையாக இருந்தது, ஆகையால் இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குகிற யோசனையும் அப்போது இருக்கவில்லை.

2022 ஓகஸ்டில் பெற்றோலை வாரக் கணக்கில் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோதுதான் கார் எவ்வளவு குடிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அப்போது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், லீற்றர் 450 ரூபா. நகரத்துக்குள் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓட வேண்டிய கார் ஆறுதான் ஓடியது. வேலைக்குப் போய்வந்து, அம்மாவை ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்தால் வார முடிவுக்கு முன்னமே முள் கீழே கிடக்கும். அதற்கு முன்பும் இப்படித்தான் குடித்திருக்கும், நினைத்தபோதெல்லாம் அடிக்க முடிந்ததால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இதோடு வேறு அறிகுறிகளும் இருந்தன. காலையில் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும், அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் காலி வீதியில் ஏறிப் பம்பலப்பிட்டி தாண்டிய பிறகும் ஐட்லிங், அதாவது பெடலை விட்டபிறகு இஞ்சின் சும்மா சுற்றுகிற வேகம், இறங்காது, உறுமிக்கொண்டே நிற்கும். சிக்னலில் நின்றால் ஏறி இறங்கி, சில நாள் அப்படியே நின்றுபோகும். பின்னால் இரண்டு குழலிலும் கரும்புகை. வீட்டுக்குள் வந்தால் உடுப்பில் பெற்றோல் மணக்கிறது என்று அம்மா சொல்வார். மாமாவிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "அது எப்பவும் அப்பிடித்தான் பிள்ளை, நல்ல கார்" என்றார்.

சோக் என்ன செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட்டால் மீதி விளங்கும். குளிர்ந்த இஞ்சினுக்கு அதே அளவு காற்றோடு வழக்கத்தைவிடப் பெற்றோல் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் பெற்றோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் உள்ளே குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அதற்காகக் காபரேற்றரின் வாயில் ஒரு தகடு மூடிக்கொண்டு காற்றைக் குறைக்கிறது. பழைய மொரிஸ் மைனரிலும் மாருதி 800இலும் சோக்கை நாமே கையால் இழுத்து, சூடானதும் உள்ளே தள்ளுவோம். பீட்டிலில் அந்த வட்ட மூடிக்குள் கொசுவர்த்திச் சுருள் போல ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்தது, சூடுபட்டால் விரியும். அதன் பக்கத்தில் சூடாக்கும் கம்பி. சாவியைப் போட்டதும் 12 வோல்ற் வந்து கம்பி சூடாகி, ஸ்பிரிங் விரிந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தகடு நிமிர்ந்து நிற்க வேண்டும். அதே தகட்டோடு படிப்படியாக வெட்டிய ஒரு வில்லையும் திரும்பும். குளிரில் ஐட்லிங்கை உயர்த்திப் பிடிப்பது அதுதான். தகடு திறக்காவிட்டால் அந்த வில்லையும் இறங்காது. கரும்புகை, இறங்காத ஐட்லிங், பெற்றோல் செலவு மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்பது இதிலிருந்தே தெரியவேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் கராஜில் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, கிற் ஒன்று, அதாவது உள்ளே மாற்றுகிற சின்னச் சாமான்களின் தொகுதி, போட்டார்கள். கிற் 14,500, கூலி 8,000. பிளக் நாலும் கரி பிடித்துக் கறுத்திருந்தன, அவற்றையும் மாற்றினோம். இரண்டு வாரத்தில் புதுப் பிளக்கும் அதே கறுப்பு. அடுத்தவர், பெற்றோல் வருகிற ஜெற் என்ற துளை பெரிது என்று ஒரு அளவு சின்ன ஜெற் போட்டு, கலவைத் திருகையும் இறுக்கிவிட்டார். புகை கொஞ்சம் குறைந்தது, ஆனால் சூடான பிறகு ஏற்றத்தில் கார் இழுக்க மறுத்தது. மூன்றாமவர், "மிஸ், பொடியே (காபரேற்றர் உடம்பே) தேய்ஞ்சிட்டுது, இதுல இனி கை வைக்கிறது வேஸ்ட்" என்று சொல்லி, திருத்தி வைத்திருந்த வேறொரு காபரேற்றரை 42,000 ரூபாவுக்குத் தந்தார். அதைப் போட்ட அன்று மாலை வீட்டுக்கு வரும்போது, ராஜகிரிய மேம்பாலத்தில் ஏறும்போதே அதே உறுமல். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. சம்பளத்தில் பாதி மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வெவ்வேறு காபரேற்றரில் ஒரே வருத்தம் வந்தால், வருத்தம் காபரேற்றரில் இல்லை. அந்த யோசனை எனக்கு அந்தப் பாலத்தில்தான் வந்தது. 42,000 ரூபாவுக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அது.

சோக்காக இருக்கும் என்று ஒருவர் சொன்னார், அதுவும் பஞ்சிகாவத்தையில் சாமான் விற்கிற முதலாளி. பழைய பீட்டில் சாமான் கொஞ்சம் வைத்திருப்பவர். நான் போய் நின்றதும், "மகள், ஆறு வோல்ட்டா பன்னண்டா? பழசக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நீங்களும் மறக்கவே கூடாது. பழைய பீட்டில்கள் 6 வோல்ற், அறுபதுகளின் கடைசியில்தான் பெரும்பாலானவை 12க்கு மாறின. சோக் மூடிகள் இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும், எண் மட்டும் முகத்தில் அடித்திருக்கும். 6 வோல்ற் மூடியை 12இல் போட்டால் தகடு கண்மூடித் திறப்பதற்குள் திறந்துவிடும், காலையில் இஞ்சின் இருமும், கொஞ்ச நாளில் உள்ளே கம்பியும் எரிந்துவிடும். பழைய மூடியைக் கழற்றிக் கையில் கொண்டுபோவதுதான் நல்லது. 12 என்று அடித்த புது மூடி 11,000 ரூபா. வாங்கிப் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான், கழற்றிய பழைய மூடியைப் பற்றரியில் நேரே பிடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பற்றரி பிளஸ்ஸிலிருந்து மூடியின் முனைக்கு ஒரு வயர், மைனஸிலிருந்து அதன் உலோக விளிம்புக்கு ஒரு வயர். ஸ்பிரிங்கின் நுனி மெல்ல நகரத் தொடங்கியது, இரண்டு நிமிடத்தில் கால் வட்டத்துக்குக் கிட்டப் போய்விட்டது. அதாவது பழையது அருமையாக வேலை செய்தது. இந்தச் சோதனையைக் கடைக்குப் போகும் முன் செய்யுங்கள். நடுவில் ஒரு பியூஸ் இருக்கட்டும், கையில் சூடு படாமல் துணியால் பிடியுங்கள். பெற்றோல் ஆவி இருக்கிற இடத்தில், அதாவது திறந்த காபரேற்றருக்குப் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டாம்.

அடுத்துத்தான் வயரிங் பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் சோக்கில் செருகியிருந்த வயரைக் கழற்றி, மீற்றரை வைத்து, சாவியைப் போடச் சொன்னார். 12 காட்டியது. "கரண்ட் வடிவா வருது மிஸ், இது காபரேற்றர் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு 2,000 ரூபா வாங்கிக்கொண்டு போனார். நானும் நம்பினேன். எண்ணைக் கண்ணால் பார்த்தேன் அல்லவா.

இடையில் இன்னொரு வைத்தியமும் நடந்தது. கொழும்பு வெயிலில் சோக் எதற்கு என்று ஒரு பாஸ், தகட்டை நிமிர்த்தி ஒரு கம்பியால் கட்டிவிட்டார். இது இங்கே சர்வசாதாரணம், பழைய நிசான் சனி, மிட்சுபிஷி லான்சர் கார்கள் எத்தனையிலோ இந்தக் கட்டுக்கம்பியைப் பார்க்கலாம். முழுப் பொய்யும் இல்லை. கொழும்பில் விடியற்காலையிலும் 22, 23 பாகைக்குக் கீழே போவது அரிது, சோக் இல்லாமலும் கார் ஓடும். புகை உடனே நின்றது, நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் காலையில் பெடலைப் பல தடவை மிதித்துப் பெற்றோலை ஊற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்தது. முதல் ஐந்து நிமிடம் காலை எடுத்தால் நின்றுவிடும். அப்படி ஊற்றுகிற பச்சைப் பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் குச்சியை எடுத்து மணந்து பார்த்தபோது பெற்றோல் வாடை அடித்தது. காற்றால் குளிர்கிற இந்த இஞ்சினுக்கு ஒயில்தான் உயிர். மழை நாள், ஏப்ரலில் குளிரான நுவரெலியா என்று யோசித்தால் இந்தக் கட்டு சரிவராது. என் அபிப்பிராயம்: பிழையைக் கண்டுபிடிக்கும்வரை நாலு நாளைக்குக் கட்டி ஓடலாம், அதையே தீர்வாக விட வேண்டாம்.

கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் புகைப் பரிசோதனைக்குப் போனேன், ஏனென்றால் அப்போது புதுச் சோக் போட்டிருந்தேன், வயரும் சரி என்று சொல்லியிருந்தார்கள். காபன் மொனொக்சைட் எல்லைக்கு மேலே எகிறிப் போய்ச் சிவப்பில் நின்றது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருட லைசன்ஸ் எடுக்க ஏலாது, லைசன்ஸுக்கு நாள் நெருங்கியிருந்தது. சாம்பல் பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஓட்டோக்காரர் கோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போதே புறக்கோட்டையில் இறங்கி, முதலாம் குறுக்குத் தெருவில் 2,500 ரூபாவுக்கு ஒரு டிஜிற்றல் மீற்றர் வாங்கினேன். கணக்கு வேலை பார்க்கிற எனக்கு வரவும் செலவும் ஒத்துப்போகாவிட்டால் தூக்கம் வராது. 12 வோல்ற் வருகிறது, சோக் நல்லது, தகடு திறக்கவில்லை. இந்த மூன்றும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது.

ஞாயிறு காலை இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கினேன். ஒயில் ஊற்றிய பழைய எயார் கிளீனரைச் சாய்க்காமல் தூக்கி வைத்தேன், சாய்த்தால் ஒயில் காபரேற்றருக்குள் போகும். பெடலை ஒருமுறை மிதித்து விட்டதும் தகடு மூடியது. மிதிக்காமல் அது மூடாது, வில்லை அதைப் பிடித்து வைத்திருக்கும். சோக் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களில் சிலர் இதைத்தான் செய்யாமல் விடுகிறார்கள். ஸ்டார்ட் பண்ணியதும் தகடு ஒரு சில மில்லிமீற்றர் விலகியது. அது சூட்டினால் இல்லை, பக்கத்தில் இருக்கிற வெக்யூம் டயஃப்ரம் இழுப்பதால். இழுக்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், அது வேறு வருத்தம். பிறகு காத்திருந்தேன். ஐந்து நிமிடம் போயும் தகடு பாதியில் நின்றது. இந்த இடத்தில் சோக் மூடியை விரலால் தொட்டுப் பாருங்கள். நல்ல சூடு இருந்து தகடு திறக்கவில்லை என்றால் ஸ்பிரிங் நுனி கொக்கியில் மாட்டவில்லை, அல்லது தகட்டின் தண்டில் பிசின் பிடித்திருக்கிறது. மூடி குளிர்ந்தே இருந்தால் கரண்ட் இல்லை, அல்லது உள்ளே கம்பி எரிந்திருக்கிறது. எனக்கு இரண்டும் இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

வயரைக் கழற்றாமல், செருகியபடியே, மீற்றரின் முனையை இணைப்பின் பின்னால் நுழைத்துப் பார்த்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. 8 வோல்ற், கொஞ்சம் ஏறி இறங்கி மறுபடியும் 8. பற்றரியில் அதே நேரம் 12க்கு மேல். காணாமல் போன நாலு வோல்ற்றைத் தேடி வயரின் வழியே கையை வைத்துக்கொண்டு போனேன். சோக் வயர், பிளக்கில் பொறி வரவைக்கிற கொயிலின் பிளஸ் முனைக்குப் போகிறது. பீட்டிலில் அப்படித்தான், சாவியிலிருந்து கறுப்பு வயர் கொயிலின் 15 என்ற முனைக்கு வரும், சோக்குக்கும் ஐட்லிங் ஜெற்றின் சொலினொயிட்டுக்கும் (சாவியைப் போட்டதும் அந்த ஜெற்றைத் திறக்கிற மின் வால்வு) அங்கிருந்தே எடுப்பார்கள். ஆனால் என் காரில் கறுப்பு வயர் நேரே கொயிலுக்கு வரவில்லை. விசிறிக் கூட்டின் ஓரத்தில், கொயிலுக்கு அடியில், அழுக்கோடு அழுக்காக விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை. இரண்டு பக்கமும் முனை. கறுப்பு வயர் ஒரு முனையில், மறுமுனையிலிருந்து கொயிலுக்கு இன்னொரு வயர். அந்த வயரின் மேல்தோல் சூட்டில் பழுத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கட்டையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு.

அது பலாஸ்ற் ரெசிஸ்டர். பல யப்பான் கொயில்கள் முழு 12 வோல்ற்றுக்குச் செய்தவை இல்லை, முன்னால் இப்படி ஒரு ரெசிஸ்டர் வைத்து வோல்ற்றைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். பீட்டிலின் சொந்தக் கொயிலுக்கு இது தேவையில்லை. எப்போதோ கொயில் எரிந்தபோது யாரோ கைக்குக் கிடைத்த யப்பான் கொயிலை ரெசிஸ்டரோடு போட்டிருக்கிறார்கள். கொயிலுக்கு அது சரியான வேலைதான். ஆனால் சோக் வயரையும் சொலினொயிட் வயரையும் பழைய இடத்திலேயே, அதாவது ரெசிஸ்டருக்குப் பிந்திய பக்கத்தில் விட்டுவிட்டார்கள். சூடு வோல்ற்றின் வர்க்கத்தோடு போகும். 12க்குப் பதிலாக 8 வந்தால் மூன்றில் இரண்டு பங்கு சூடு கிடைக்கும் என்று நினைப்போம், கிடைப்பதோ பாதிக்கும் குறைவு. ஸ்பிரிங் பாதி விரிந்து அங்கேயே நின்றதற்குக் காரணம் அது. போதாததற்கு, சோக் இழுக்கிற அம்பியரும் அதே ரெசிஸ்டர் வழியாகப் போவதால் கொயிலுக்குக் கிடைப்பது இன்னும் குறைந்து, ஸ்பார்க்கும் பலவீனம்.

வயரிங்காரருக்கு 12 காட்டியது எப்படி? ரெசிஸ்டர் வழியே கரண்ட் ஓடினால்தான் வோல்ற் குறையும். இஞ்சின் நின்று, டிஸ்ற்றிபியூட்டரில் பொயின்ற் (கொயிலின் கரண்டை விட்டு வெட்டுகிற தொடுமுனை) திறந்த நிலையில் இருந்து, சோக் வயரையும் கழற்றிவிட்டால் அதன் வழியே ஓடுவது சொலினொயிட்டின் சின்னக் கரண்ட் மட்டும்தான். மீற்றர் குடிப்பது அற்பம். அப்போது கடைசி முனை வரை 12க்குக் கிட்டக் காட்டத்தான் செய்யும். ரெசிஸ்டர் இல்லாத கார்களிலும் இதே ஏமாற்று நடக்கும். வெள்ளவத்தைக் கடல் காற்றில் கிளிப்புகளுக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும், மீற்றருக்கு அது போதும், சோக்குக்குப் போதாது. ஆகவே யாராவது "கரண்ட் வருது" என்று சொன்னால், வயர் செருகியிருக்கும்போது பார்த்தீர்களா, இஞ்சின் ஓடும்போது பார்த்தீர்களா என்று கேளுங்கள். டெஸ்ற் லாம்பை நம்பவே வேண்டாம், 8 வோல்ற்றிலும் அது பிரகாசமாகத்தான் எரியும், 12இன் பிரகாசம் எது என்று யாருக்கு நினைவிருக்கும்.

எர்த்தையும், அதாவது கரண்ட் பற்றரி மைனஸுக்குத் திரும்புகிற வழியையும், அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். சோக்குக்குத் தனி எர்த் வயர் இல்லை, மூடியின் உலோக விளிம்பு, மூன்று திருகு, காபரேற்றர் உடம்பு, இஞ்சின் என்று போகிறது. மீற்றரின் ஒரு முனையைச் சோக் விளிம்பிலும் மறுமுனையைப் பற்றரி மைனஸிலும் வைத்தால் கிட்டத்தட்டப் பூச்சியம் வர வேண்டும். எனக்கு முதலில் அரை வோல்ற்றுக்கு மேல் வந்தது. பீட்டிலில் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே, இஞ்சினுக்கான எர்த் கியர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் பின்னல் பட்டியாக வருகிறது, அதன் நட்டைக் கழற்றித் தேய்த்து இறுக்கியதும் குறைந்தது. திருத்திய காபரேற்றர் என்று வர்ணம் அடித்து விற்பவை சிலவற்றில் அந்த வர்ணமே எர்த்தை மறைக்கும், அதையும் சுரண்டிப் பாருங்கள்.

திருத்தம் சின்னது. ரெசிஸ்டருக்கு முந்திய முனையில், கறுப்பு வயர் வந்து ஏறுகிற இடத்தில், ஒரு இரட்டைக் கிளிப் போட்டு, 5 அம்பியர் பியூஸ் கூடு ஒன்றை நடுவில் வைத்து, சோக்குக்கும் சொலினொயிட்டுக்கும் புது வயர் இழுத்தேன். இப்படிப்பட்ட சோக் பொதுவாக 1 முதல் 3 அம்பியருக்குள் இழுக்கும், ஆகையால் தடித்த வயர் தேவையில்லை, ஆனால் சூட்டைத் தாங்குகிற கார் வயராக இருக்கட்டும், வீட்டு மின் வயர் வேண்டாம். பியூஸைத் தவிர்க்காதீர்கள். கம்பனி கொடுத்த வயரிங்கில் அங்கே பியூஸ் இல்லை என்று வாதாடுவார்கள். அந்த வயர் பெற்றோல் குழாய்க்கு மேலே தொங்குகிறது, கிளிப் கழன்று காபரேற்றரில் பட்டால் பொறி பறக்கும், பழைய பீட்டில்கள் பின்னால் தீப்பிடித்த கதைகள் சும்மா வந்தவை இல்லை. கிளிப்புக்கு ரப்பர் உறை போட்டு, வயரைக் குழாய்க்குத் தூரமாக இரண்டு இடத்தில் கட்டினேன். சொலினொயிட்டுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: சாவியைப் போட்டு, அதன் வயரைக் கழற்றித் திரும்பத் தொடவைத்தால் டிக் என்று சத்தம் வர வேண்டும்.

மறுபடி குளிரவிட்டுப் பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினேன். மீற்றரில் 12.3. தகடு கண்முன்னே மெல்ல எழும்பி, மூன்றாவது நிமிடம் முடியுமுன் செங்குத்தாக நின்றது. பெடலை லேசாகத் தட்டியதும் வில்லை இறங்கி ஐட்லிங் தணிந்தது. வீட்டுக்குள் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். "இதுக்கோ இவ்வளவு நாள்?" என்றார். ஒரு விஷயம்: பீட்டிலில் டைனமோ என்றால் ஐட்லிங்கில் அது சார்ஜ் பண்ணாது, பற்றரியின் வோல்ற்தான் சோக்குக்கும் வரும். அங்கே 14 காட்டவில்லை என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் சூடான பிறகு கார் இருமியது, ஏற்றத்தில் திணறியது. யோசித்தால் காரணம் லேசு. சோக் திறக்காத காருக்கு ஏற்ற மாதிரி என் சொந்தக் காபரேற்றரில் ஒருவர் ஜெற்றைச் சின்னதாக்கிக் கலவையைக் குறைத்தார், பிறகு போட்ட காபரேற்றரிலும் கலவையைக் குறைத்தே வைத்திருந்தார்கள். இப்போது சோக் ஒழுங்காகத் திறந்ததும் பெற்றோல் போதாமல் கலவை மெலிந்துவிட்டது. காற்றால் குளிர்கிற இஞ்சினை மெலிந்த கலவையில் நெடுக ஓட்டினால் வால்வு எரியும், அது கரும்புகையைவிட ஆபத்து. திரும்பவும் என் சொந்தக் காபரேற்றரைப் போட்டு, ஜெற்றைப் பழைய அளவுக்கு மாற்றி, கலவையை முதலிலிருந்து செற் பண்ணினோம். அந்த 42,000 ரூபாக் காபரேற்றரைப் பாதி விலைக்கும் யாரும் கேட்கவில்லை. சோக்கைச் சரிபார்க்கும்வரை ஜெற்றிலும் கலவைத் திருகிலும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். விட்டால் எத்தனை சுற்றுத் திருப்பினார் என்று எழுதி வாங்குங்கள்.

சோக் மூடியைத் திருப்பிப் பூட்டும்போது அதன் விளிம்பில் ஒரு வெட்டும் காபரேற்றரில் மூன்று கோடுகளும் இருக்கும். நடுக் கோட்டுக்கு நேரே வையுங்கள். கொழும்புக்கு நான் அதிலிருந்து ஒரு நூல் அளவு திறக்கிற பக்கம் வைத்திருக்கிறேன், குளிர்ந்த இஞ்சினில் தகடு மூடிக்கொள்ள வேண்டும், ஆனால் விரலால் தள்ளினால் இலேசாக விலக வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் மூடுகிறது என்பதைத் தகட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று, இஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டு ரேடியோ கேட்காதீர்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சோக் சூடாகித் திறந்துவிடும், பொயின்ற் மூடியிருந்தால் கொயிலும் கொதிக்கும்.

புகைப் பரிசோதனைக்கு இரண்டாம் தடவை போகும்போது தெகிவளை வரை ஓட்டி நன்றாகச் சூடாக்கி, போவதற்கு முன் எயார் கிளீனரைத் தூக்கித் தகடு நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனேன். பாஸ். லீற்றருக்கு ஒன்பதரை, பத்து என்று வந்துவிட்டது, 20 லீற்றரில் வாரம் முடியும்போது கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

பழைய சனி, கொறோலா மாதிரி யப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பல மாடல்களில் சோக்குக்குக் கரண்ட் கொயிலிலிருந்து வராது, ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக வரும், ஒல்ரனேற்றர் சார்ஜ் பண்ணத் தொடங்கினால்தான் அந்த ரிலே கரண்டை விடும். அங்கே சோக் குளிர்ந்தே இருந்தால் முதலில் ரிலேயையும் அதன் பியூஸையும் பாருங்கள். சார்ஜ் லாம்ப் வயரிலிருந்து சோக்குக்கு நேரே இழுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விட வேண்டாம், அந்த வயர் அவ்வளவு அம்பியரைத் தாங்காது, ஒல்ரனேற்றரும் கெடும். கொயில் மாற்றிய எந்தக் காராக இருந்தாலும், வாங்கிய அன்றே பின்னாலோ முன்னாலோ அந்த வெள்ளைக் கட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, அதற்குப் பிந்திய முனையில் கொயிலைத் தவிர வேறு எந்த வயர் ஏறியிருந்தாலும் முந்திய முனைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டரிலிருந்து வருகிற வயர் ஒன்று மட்டும் அங்கே இருக்கலாம், ஸ்டார்ட் பண்ணும்போது கொயிலுக்கு முழு வோல்ற் கொடுக்கிற அதைத் தொட வேண்டாம்.